தனித்து மேயும் குதிரை

வைப்பாறு கடலில் கலக்குமிடத்தை ஒட்டிய கீழவைப்பார் தொடங்கித் தூத்துக்குடி, பழையகாயல் வழியாகத் தெற்கே நீளும் முத்துக்குளித்துறைக் கடற்கரை, குதிரை தானாகப் பெருகி வாழ்ந்த நிலமன்று. அது மரக்கலங்களில் வந்திறங்கிய நிலம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஓர்மசு, கீசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் இங்கே கொண்டுவரப்பட்டதையும், மன்னர் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டு முடிவில் அவற்றுள் 100கூட மிஞ்சாமல் போனதையும் எழுதி வைத்தார். 1530களில் இக்கரைப் பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடியபோது இடைநின்று வழிகாட்டிய ஜோவா டா குரூஸ் என்பவரும் குதிரை வணிகரே. இத்தனை நூற்றாண்டுகள் குதிரையோடு பழகிய ஒரு கடற்கரையில், அவ்விலங்கு எத்தகைய வாழ்க்கையைத் தாங்கும், எதைத் தாங்காது என்னும் கேள்வி இன்றும் பொருளுடையதாகவே இருக்கிறது.

அக்குதிரைகள் மாண்டதற்குப் பராமரிப்பு அறியாமையே காரணம் என்று மார்க்கோ போலோ கருதினார். அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியரான வஸ்ஸாஃப், வந்திறங்கிய குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயிட்ட தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கப்பட்டதாகவும், கொழுக்க வேண்டும் என்பதற்காக அவை 40 நாள்கள் லாயத்தில் முளையடித்துக் கட்டிவைக்கப்பட்டதாகவும் குறிப்பிடுகிறார். குதிரையின் பெருங்குடல், நார்ச்சத்து மிக்க புல்லை நுண்ணுயிர்களின் துணையால் சிறிது சிறிதாக நொதிக்கச் செய்வதற்காக அமைந்த உறுப்பு. அதனுள் மாவுச்சத்து திடீரெனப் பெருகினால் அமிலம் மிகுந்து, சூலை எனப்படும் கடும் வயிற்றுவலியும், குளம்புக்குள் இருக்கும் மென்திசு வீங்கி விலங்கை நடக்கவிடாமல் செய்யும் குளம்பு அழற்சியும் தோன்றும் என்பதை இன்றைய கால்நடை மருத்துவம் அறியும். தீவனம், தட்பவெப்பம், அசைவின்மை ஆகிய காரணங்களோடு, அண்மைக்கால ஆய்வுகள் குதிரையின் நலத்துக்கு இன்றியமையாத மற்றொன்றையும் சேர்த்துள்ளன. தன் இனத்தின் அண்மையே அது.

தென் மாவட்டங்களில் இன்று குதிரைகள் மிகக் குறைவு. ஜட்கா வண்டிகள் மறைந்தபின், வண்டிப் பந்தயத்துக்காகவும் திருவிழா, திருமண ஊர்வலங்களுக்காகவும் தோட்டத்து அழகுக்காகவும் ஆங்காங்கே ஒன்றிரண்டு வளர்க்கப்படுகின்றன. ஆதலால் ஓர் ஊரில் இருக்கும் குதிரை பெரும்பாலும் அவ்வூரின் ஒரே குதிரையாகவே இருக்கிறது. ஓட்டத்தை விட்ட குதிரையையோ, துணை இறந்தபின் எஞ்சிய குதிரையையோ வேலியிட்ட ஒரு மேய்ச்சல் நிலத்தில் விட்டுவைக்க உரிமையாளர் எண்ணும்போது, அது அங்கே தனித்து வாழ இயலுமா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு அவர்மேல் விழுகிறது. புல்லும் நீரும் இருப்பதாலோ, குதிரை அமைதியாக நிற்பதாலோ அத்தீர்மானத்தை எட்டிவிட முடியாது.

கூட்டம் என்னும் உடலியல் தேவை

இரையாகும் விலங்கு ஒன்றுக்குக் கூட்டமே முதற் பாதுகாப்பு. குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்து ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றுப்புறத்தைக் காண உதவினாலும், நாளில் பெரும்பகுதியைத் தலைகுனிந்து மேய்வதில் கழிக்கும் விலங்கால் இடைவிடாது காவல் காக்க இயலாது. அந்தக் காவல் கூட்டத்தின் பல கண்களுக்கும் காதுகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது. வளர்ப்பிலிருந்து விடுபட்டுத் தலைமுறைகளாகத் தன்னிச்சையாகத் திரியும் குதிரைகள் உலகின் எப்பகுதியில் இருந்தாலும், ஓர் ஆண் குதிரை, சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் என்னும் சிறு குடும்பங்களாகவும், குடும்பம் அமையாத இளம் ஆண்கள் தனிக் குழுக்களாகவும் வாழ்வதையே ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். முதிர்ந்த ஆண் ஒன்று சில காலம் தனித்துத் திரிவதுண்டு. ஆயினும் அது இடைக்கால நிலையே.

இதற்குச் சான்று காண இக்கரையிலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நெடுந்தீவில், போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர் காலங்களில் கொண்டுவரப்பட்டதாகக் கருதப்படுபவையும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் ஆங்கில அரசின் அலுவலர் பேணி வளர்த்தவையுமான குதிரைகளின் வழித்தோன்றல்கள், தீவின் தென்பகுதி வெளிகளில் கூட்டங்களாக மேய்ந்து வாழ்கின்றன. இப்பால், 1967இல் அமைக்கப்பட்ட கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்தின் உப்புமண் புல்வெளிகளிலும் மட்டக்குதிரைகள் வெளிமான்களுக்கிடையே குழுக்களாகத் திரிகின்றன. கடற்காற்றும் உவர்நிலமும் கோடை வறட்சியும் கீழவைப்பாரைப் போலவே அமைந்த இவ்விடங்களில், நீரின்றியும் புல்லின்றியும் துன்புறும் காலத்திலும் அவை கூட்டத்தைக் கைவிடுவதில்லை. கடுமையான நிலத்தையும் குதிரை கூட்டத்தோடு தாங்கிக்கொள்கிறது என்பது இவ்விரு இடங்களும் உணர்த்தும் பாடம்.

கூட்டத்தின் பயன் காவலோடு முடிவதில்லை. இரு குதிரைகள் எதிரெதிராக நின்று, ஒன்றன் கழுத்து முதுகோடு சேரும் தோள்மேட்டை மற்றொன்று பற்களால் மென்மையாகச் சொறிந்துவிடும் பழக்கத்தை ஆராய்ந்த பே, தெ மாசியேர் ஆகிய இருவரும், அவ்விடத்தைத் தேய்க்கும்போது குதிரையின் இதயத்துடிப்பு குறைவதை 1993இல் வெளியிட்டனர். நியூசிலாந்தின் கைமனாவா மலைப்பகுதியில் திரியும் குதிரைகளைப் பற்றி 2009இல் வெளிவந்த ஆய்வு, இரத்த உறவில்லாத பெட்டைகளாயினும் தமக்குள் நெருங்கிய பிணைப்புக் கொண்டவை மிகுதியான குட்டிகளை ஈன்று காப்பாற்றியதைக் காட்டியது. நட்பு என்று மனிதர் அழைப்பதற்கு நிகரான ஒன்று, குதிரையின் உடலிலும் வழித்தோன்றல்களிலும் அளந்தறியத்தக்க விளைவை உண்டாக்குகிறது என்பதே இவ்விரு ஆய்வுகளின் பொருள்.

எல்லாவற்றினும் எளிதாகக் கவனத்திலிருந்து தப்புவது உறக்கம். நின்றபடியே உறங்கும் விலங்கு என்று குதிரையைப் பலரும் அறிவர். கால்மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும் தசைநார் அமைப்பு அதற்கு இருப்பதால் மேலோட்டமான உறக்கத்தை நின்றபடி பெறுவது உண்மையே. ஆனால், மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்தசையும் கனவுநிலை உறக்கத்தின்போது உடலின் தசைகள் முழுதும் தளர்ந்துவிடுவதால், அதைப் பெறக் குதிரை படுத்தே ஆகவேண்டும். நாளொன்றுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை தேவைப்படும் இவ்வுறக்கத்தைக் கூட்டத்தில் சில படுத்துப் பெற, வேறொன்று நின்று காக்கிறது. காவல் இல்லாத இடத்தில் அஞ்சிப் படுக்காமலே நாள்களைக் கழிக்கும் குதிரை, ஒருகட்டத்தில் நின்றபடியே தசை தளர்ந்து முன்னங்கால்கள் மடங்கச் சரிகிறது. முன்முழங்காலிலும் கணுவிலும் மீண்டும் மீண்டும் தோன்றும் சிராய்ப்புகளும் தழும்புகளும் அதன் தடயங்கள்.

தனிமையின் தடயங்கள்

இங்கிலாந்தின் நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே குதிரைகளைத் தனி அறையிலும், பிற குதிரைகளைத் தொட இயலும் அறைகளிலும், இணையாகவும், திறந்தவெளியில் கூட்டமாகவும் மாறிமாறி வைத்து, அவற்றின் இலத்தியில் வெளிப்படும் மனவழுத்தச் சுரப்பின் கழிவுகளை அளந்தபோது, முற்றிலும் தனித்திருந்த நிலையிலேயே அவற்றின் அளவு உயர்ந்து காணப்பட்டது. கையாள்வதற்கும் அந்நிலையிலேயே அவை கடினமாக இருந்தன. லாயத்தில் தனித்து அடைக்கப்பட்டு இடமும் வலமுமாக ஓயாமல் தலையாட்டும் குதிரைகளின் அறையில் கண்ணாடி ஒன்றைப் பொருத்தியதும் அவ்வாட்டம் பெரிதும் குறைந்ததை 2002இல் வெளியான மற்றோர் ஆய்வு பதிவு செய்தது. தன் உருவத்தைக் கண்ட அளவிலேயே ஒரு விலங்கு அமைதியடைகிறது என்றால், அது இழந்திருந்தது எத்துணைப் பெரியது என்பதை உணரலாம்.

திறந்த மேய்ச்சல் நிலத்தில் இதே துன்பம் வேறு வடிவங்களில் வெளிப்படும். வேலியோரமாகவே முன்னும் பின்னும் நடத்தல், ஓயாது கனைத்தல், மேய்ச்சலை இடையிடையே விட்டுத் தலைநிமிர்ந்து தொலைவை நோக்குதல், காரணமின்றி வியர்த்தல், இலத்தி இளகிப் போதல் ஆகியவை எவர் கண்ணுக்கும் புலப்படுபவை. இவற்றைவிட ஆபத்தானது சத்தமில்லாத வடிவம். பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012இல், கழுத்தை முதுகின் மட்டத்துக்குத் தாழ்த்தி, கண்களைத் திறந்தபடியே ஓரிடத்தில் நிலைகுத்தி, காதுகளை அசைக்காமல் நிற்கும் குதிரைகளை விவரித்தனர். அவை தம்மைத் தீண்டியவரையும் பொருட்படுத்தாமல், சுற்றிலும் நிகழ்வனவற்றில் ஆர்வமிழந்திருந்தன. மனிதரின் மனச்சோர்வை ஒத்த இந்நிலையை அறியாதவர், குதிரை சாதுவாகிவிட்டது, தனிமைக்குப் பழகிவிட்டது என்று மகிழ்வர். பழகுதலையும் நம்பிக்கையிழந்து ஒடுங்குதலையும் பிரித்தறிவதே இப்பொருளில் மிகக் கடினமானதும் மிக இன்றியமையாததுமான பணி.

எந்தக் குதிரை, எந்த நிலம்

எல்லாக் குதிரைகளும் தனிமையை ஒரே அளவில் உணர்வதில்லை. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டியும் வளரும் இளங்குதிரையும் கூட்டத்தில்தான் தம் இனத்தின் நடத்தையைக் கற்கின்றன. ஆதலால் அவற்றைத் தனித்து வளர்ப்பதை எந்நிலையிலும் ஏற்க இயலாது. பார்வை குன்றிய குதிரை தன் துணையின் அசைவொலியைக் கொண்டே நடமாடுவதால், அதற்கும் தனிமை ஒவ்வாது. நெடுங்காலத் துணையை அண்மையில் இழந்த குதிரை கூடுதலான கண்காணிப்பை வேண்டுவது. பல ஆண்டுகள் வண்டியிழுத்த காயடித்த குதிரை, லாயத்தில் தனித்தே இருந்ததால் தனிமைக்குப் பழகியதாகத் தோன்றலாம். ஆனால் அதன் பகற்பொழுது வண்டிக்காரர், சந்தை, தெரு, எதிரே வரும் பிற விலங்குகள் என்று நிறைந்திருந்தது என்பதையும், வேலை நின்றதும் அவையனைத்தும் ஒருசேர நின்றுவிடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நடுவயதுடைய, உடல்நலமுள்ள, முன்பு துணையைவிட்டுத் தனியே வெளியே சென்று அமைதியாக மேய்ந்து பழகிய குதிரைக்கே தனிமையைத் தாங்கும் வாய்ப்பு ஓரளவேனும் உண்டு.

நிலத்தின் இயல்பும் இக்கணக்கில் சேரும். கீழவைப்பாரைச் சூழ்ந்த பகுதி பனையும் சீமைக்கருவேலும் உப்பளங்களும் மணற்பரப்பும் கலந்தது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய சில மாதங்களில் மட்டுமே பசும்புல் செழிக்கும். மணலில் முளைத்த குட்டைப்புல்லை மேயும் குதிரை வேரோடு மணலையும் விழுங்குவதால், அது பெருங்குடலில் படிந்து மணற்சூலையை உண்டாக்கும். புதிய இலத்தி உருண்டைகள் சிலவற்றைத் தெளிந்த நீர் நிரப்பிய கண்ணாடிக் கலத்தில் கரைத்து வைத்தால், அடியில் மணல் படிகிறதா என்பதை எவரும் பார்த்தறியலாம். சீமைக்கருவேலின் நெற்றுகள் இனிப்பானவை ஆதலால் பசித்த குதிரை அவற்றை அளவின்றித் தின்று குடலடைப்புக்கு உள்ளாகும். நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரையிலும் வெயிற்காலத்தில் அதற்கும் மேலும் தேவைப்படும் நீர், உவர்ப்பற்றதாக இருக்க வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கரையோரத்தில் சில குதிரைகளுக்கு வியர்க்கும் ஆற்றலே குன்றி, உடல் வெப்பம் ஏறிவிடுவதும் உண்டு என்பதால் நிழல் இன்றியமையாதது.

இவை கூட்டத்தோடு மேயும் குதிரைக்கும் உரிய இடர்களே. ஆயினும் தனித்திருக்கும் குதிரைக்கு இவை பன்மடங்காகின்றன. அமைதியின்றி நடக்கும் விலங்கு வியர்வையில் உப்பையும் நீரையும் இழக்கிறது. மேய்ச்சல் குறைந்து வயிறு வெறுமையாக இருக்கும் நேரத்திலும் குதிரையின் இரைப்பை ஓயாமல் அமிலம் சுரப்பதால் புண் தோன்றுகிறது. நோயுற்றுப் படுத்தால் பதறிக் கனைத்து உரிமையாளரின் கவனத்தை ஈர்க்கத் துணைவிலங்கு இல்லை. தெருநாய்க்கூட்டம் நுழைந்தால் சேர்ந்து எதிர்க்கவும் இயலாது. எனவே, உரிமையாளரின் வீட்டிலிருந்து தொலைவிலுள்ள, நாளில் ஒருமுறை மட்டுமே ஆள் சென்று பார்க்கும் நிலத்தில் குதிரையைத் தனித்து விடுவது, அக்குதிரையின் மனநிலை எத்தகையதாயினும் தகாதது.

சோதித்துத் தீர்மானிக்கும் முறை

பிரிவைப் படிப்படியாக ஏற்படுத்தி, ஒவ்வொரு படியிலும் குதிரையின் நிலையைப் பதிவு செய்வதே நம்பத்தக்க வழி. முதலில், துணையோடு இருக்கும்போதே அதன் இயல்பான அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும், மூச்சு 8 முதல் 16 முறை, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியசு. தாடையெலும்பின் அடிப்புறம் ஓடும் நாடியை விரலால் தொட்டே துடிப்பை எண்ணலாம். அடுத்து, துணையைக் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் சிறிது நேரம் நிறுத்தியும், பின்னர் கண்ணுக்கு மறைத்தும், பிரிவின் நேரத்தைக் கூட்டிக்கொண்டே சென்று, துடிப்பு இயல்புநிலைக்குத் திரும்புகிறதா, குதிரை மேய்ச்சலுக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். வேலியை உடைக்க முயல்வதோ, வியர்த்து நனைவதோ, தீவனத்தை முற்றிலும் மறுப்பதோ நிகழ்ந்தால் சோதனையை அங்கேயே நிறுத்துவது நன்று.

ஆரவாரம் அடங்கியபின் வரும் வாரங்களே தீர்ப்பு வழங்கும் காலம். முதல் சில நாள்களின் கனைப்பும் ஓட்டமும், பழகிய குதிரையிடமும் ஒடுங்கிய குதிரையிடமும் ஒன்றுபோலவே தணியும் ஆதலால், அமைதியைச் சான்றாகக் கொள்ளலாகாது. உறக்கமும் மேய்ச்சலும் ஆர்வமுமே சான்றுகள். மணற்பாங்கான நிலம் இதற்கு நல்லதோர் உதவியைச் செய்கிறது. மாலையில் நிழலடியிலும் வேலியோரத்திலும் மணலைச் சமன்செய்து வைத்தால், குதிரை இரவில் படுத்தெழுந்த தடமும், வேலியோரம் நடந்து நடந்து பதித்த பாதையும் காலையில் தெளிவாகப் படிக்கத்தக்கவையாக இருக்கும். படுத்த தடம் தொடர்ந்து சில நாள்கள் காணப்படாவிட்டாலும், வேலியோரப் பாதை ஆழமாகிக்கொண்டே வந்தாலும் அக்குதிரை தாங்கவில்லை என்றே கொள்ள வேண்டும். நாளில் 12 மணிநேரத்துக்குக் குறையாமல் மேய்ச்சலில் செலவிடுதல், உடல் எடை குறையாமை, புது ஒலிக்குக் காதைத் திருப்புதல், அணுகும் மனிதரை நோக்கித் தானே வருதல், மணலில் புரண்டு எழுதல் ஆகியவை ஒரு மாதத்துக்குப் பின்னும் நீடித்தால், குதிரை அந்நிலையைத் தாங்குகிறது என்று கருத இடமுண்டு. ஐயம் எழுமிடத்தில் திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களை நாடலாம்.

துணை அமைத்தல்

தாங்காத குதிரைக்குச் சிறந்த தீர்வு மற்றொரு குதிரை. ஓய்வு பெற்ற முதிய குதிரையாயினும் மட்டக்குதிரையாயினும் போதும். அது இயலாதபோது கழுதை அடுத்த நிலையில் நிற்கிறது. நடத்தையில் வேறுபாடிருப்பினும் நெருங்கிய இனமாதலால் பிணைப்பு உருவாகும். ஆனால் கழுதை தனக்குத் துன்பமின்றிச் சுமக்கும் நுரையீரல் புழு குதிரைக்கு இருமலை உண்டாக்கும் என்பதால் முன்கூட்டியே புழுநீக்கம் செய்ய வேண்டும். வெள்ளாடும் பசுவும், வேறு துணையில்லாத குதிரைக்கு அண்மையையும் காவலையும் ஓரளவு தரும்; தோள்மேட்டைச் சொறிந்துவிடும் உறவையோ, குதிரையின் உடல்மொழியையோ அவற்றால் தர இயலாது. மாட்டுக்கும் கோழிக்கும் உரிய கலப்புத் தீவனங்கள் சிலவற்றில் சேர்க்கப்படும் மோனென்சின் என்னும் மருந்து, சிறிதளவிலேயே குதிரையின் இதயத்தசையைச் சிதைத்துக் கொல்லும் ஆதலால், தீவனத் தொட்டிகளைப் பிரித்து வைப்பது கட்டாயம்.

புதிதாக வரும் குதிரையையோ கழுதையையோ உடனே சேர்த்துவிடவும் கூடாது. மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கும் கிளாண்டர்ஸ் நோய் இந்தியாவில் இன்னும் தோன்றிவருவதால், சந்தையில் வாங்கிய விலங்கைத் தனியிடத்தில் வைத்து இரத்தப் பரிசோதனை செய்வித்த பின்னரே, முதலில் வேலிக்கு இருபுறமும் நிறுத்தி முகர்ந்து பழகவிட்டு, பின்னர் அகன்ற வெளியில் ஒன்றாக விட வேண்டும். மூலையற்ற, தப்பியோட இடமுள்ள வெளியும், இருவேறு இடங்களில் வைத்த தீவனமும் நீரும் தொடக்கச் சண்டைகளைக் குறைக்கும். இவற்றுள் எதுவும் கைகூடாத உரிமையாளருக்கு, அண்டை ஊரில் குதிரை வைத்திருப்பவரோடு மேய்ச்சலைப் பகிர்ந்துகொள்வது, இரண்டு தனித்த குதிரைகளின் துயரை ஒருசேரத் தீர்க்கும் எளிய வழி.

சுவிட்சர்லாந்து 2008இல் இயற்றிய விலங்குப் பாதுகாப்பு விதிகள், ஒவ்வொரு குதிரைக்கும் மற்றொரு குதிரையினத்து விலங்கைப் பார்க்கவும் கேட்கவும் முகரவும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அவ்வளவு நுணுக்கமாகப் பேசவில்லை. எனினும் விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனை உறுதிசெய்யத் தகுந்த நடவடிக்கை அனைத்தையும் எடுக்க வேண்டும் என்னும் அதன் 3ஆம் பிரிவை, குதிரையைப் பற்றி இன்று அறிந்தவற்றின் ஒளியில் படித்தால், துணையும் அந்நலனுள் அடங்கும் என்பதே நேர்மையான முடிவு. தனித்து மேயும் குதிரை பல ஆண்டுகள் உயிரோடிருக்கக் கூடும். ஆனால் உயிரோடிருத்தலை மட்டும் அளவுகோலாகக் கொள்வது அதற்கு இழைக்கும் அநீதி. படுத்துறங்குகிறதா, மனம் ஒன்றி மேய்கிறதா, உலகை ஆர்வத்தோடு நோக்குகிறதா என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று விடை கிடைக்கும் வரை தனிமையைத் தற்காலிக ஏற்பாடாகவே கருதித் துணையைத் தேடுவதும், ஒன்றுக்கேனும் இல்லை என்று விடை கிடைத்த நாளிலேயே அத்தனிமையை முடித்துவைப்பதும், குதிரையைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்ட ஒவ்வொருவரின் கடமையாகும்.